இரவுக் கணக்கில் வாடகை: முதலில் எடுக்க வேண்டிய பத்திரம் எது?

வியாபாரம் என்றதும் நமது சமூகத்தவர்களுக்குக் கடையும் சரக்கும்தான் நினைவுக்கு வரும். ஆனால் கொழும்பில் இன்று பலருடைய கையில் இருக்கும் பெரிய முதல், மேல்மாடியில் பூட்டிக் கிடக்கும் இரண்டு மூன்று அறைகள்தான். மகன் கட்டாருக்குப் போய்விட்டார். மகள் திருமணம் முடித்து தெஹிவளையில் இருக்கிறார். கீழே கடை, மேலே வெறும் அறைகள். மாத வாடகைக்குக் கொடுத்தால் பிறகு ஆளை எழுப்ப முடியாமல் போய்விடுமோ என்ற பயம். ஆகவே நாள் வாடகைக்குக் கொடுப்போம் என்று பலர் இறங்கியிருக்கிறார்கள். சிலர் ஏயார்பிஎன்பி, புக்கிங் டொட் கொம் போன்ற இணையத்தளங்களில் படம் போடுகிறார்கள். சிலர் முச்சக்கர வண்டிச் சாரதிக்கு ஏதாவது கொடுத்து ஆள் பிடிக்கிறார்கள்.

சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். அதனால் இப்படியானவர்கள் என்னிடமும் வருகிறார்கள். வந்தவர்கள் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "நானா, டூரிஸ்ட் போர்டில் பதிந்தால் போதும்தானே?"

போதாது. அது கடைசிக்குக் கிட்டிய படி. முதற்படி உங்கள் கட்டடத்தின் பத்திரம். இந்த வரிசை தெரியாமல் கட்டிலும் குளிரூட்டியும் வாங்கிப் போட்டவர்கள்தான் பணத்தை முடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். எனவே இந்த வாரம் அந்த வரிசையை எடுத்துக்கொள்வோம்.

யார் வந்து தங்குகிறார்கள்?

சட்டத்துக்குப் போகுமுன் வாடிக்கையாளர் யார் என்று பார்க்க வேண்டும். ஏனெனில் எந்த அனுமதி தேவை என்பதில் ஒரு பகுதி அதைப் பொறுத்தது.

பொரளையில் உல்லாசப் பயணியை விட நோயாளியின் சொந்தக்காரர்தான் முக்கியமானவர். லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இங்கே இருக்கிறது. காசல் வீதி மகளிர் வைத்தியசாலையும் இங்கேதான். தேசிய வைத்தியசாலையும் கண் வைத்தியசாலையும் முச்சக்கர வண்டியில் சில நிமிடத் தூரம். கல்முனையிலிருந்தோ மூதூரிலிருந்தோ புத்தளத்திலிருந்தோ பிள்ளையைக் கொண்டுவந்து காட்டுபவருக்கு மூன்று நாளைக்கு ஓர் அறை, சுத்தமான குளியலறை, தொழுவதற்கு இடம், பக்கத்தில் ஹலால் சாப்பாடு இருந்தால் போதும். இது நமது ஆட்கள் நன்றாகச் செய்யக்கூடிய தொழில். செய்தும் வருகிறார்கள்.

வெள்ளவத்தையில் கதை வேறு. லண்டனிலிருந்தும் டொரொண்டோவிலிருந்தும் கல்யாணத்துக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் இரண்டு மூன்று வாரத்துக்கு முழு பிளட்டையும் எடுக்கின்றன. கொட்டாஞ்சேனையில் பழைய லொட்ஜ்கள். கடவுச்சீட்டு அலுவலுக்கும் புறக்கோட்டையில் சரக்கு எடுக்கவும் வடக்கிலிருந்து வருபவர்கள் தங்கும் இடங்கள். ஆக, குறுகிய கால வாடகை என்பது இணையத்தளத்துடன் வந்த புதிய பண்டம் அல்ல. கொழும்பு இதை நெடுங்காலமாகச் செய்கிறது. படம் போடும் இடம்தான் மாறியிருக்கிறது.

கட்டடம் முதலில்

நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம். அதில் அபிவிருத்தி வேலைக்கு அனுமதி வேண்டும் என்று இருக்கிறது. அபிவிருத்தி வேலை என்றால் கல்லும் சீமெந்தும் வைத்துக் கட்டுவது என்றுதான் நாம் நினைக்கிறோம். சட்டத்தின் வரைவிலக்கணம் அதோடு நிற்கவில்லை. ஒரு கட்டடம் எந்தத் தேவைக்குப் பயன்படுகிறதோ அந்தப் பாவனையை மாற்றுவதும் அபிவிருத்தி வேலைதான். குடியிருக்கும் வீடு என்று அங்கீகரிக்கப்பட்ட கட்டடத்தை ஆட்கள் வந்து தங்கிப் போகும் இடமாக மாற்றினால், ஒரு செங்கல்லைக்கூட அசைக்காவிட்டாலும் பாவனை மாறிவிட்டது என்று அதிகாரி சொல்ல இடமிருக்கிறது.

அடுத்தது சீ.ஓ.சீ. என்று எல்லோரும் சொல்லும் அமைவுச் சான்றிதழ். அங்கீகரித்த வரைபடத்தின்படிதான் கட்டப்பட்டிருக்கிறது, குடிபுகலாம் என்று கொடுக்கும் பத்திரம். கொழும்பு மாநகர சபையின் திட்டமிடல் பிரிவில் உங்கள் கட்டடத்தின் கோவையைத் தேடினால் இது வழங்கப்பட்டதா இல்லையா என்று தெரியும். பேஸ்லைன் வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கைகளில் எத்தனை வீடுகளுக்கு மேல்மாடிக்கும் சேர்த்து இந்தப் பத்திரம் இருக்கும் என்று கேட்டால், வாசகர்களுக்கே பதில் தெரியும். வாப்பா காலத்தில் கீழ்த்தளத்துக்கு அனுமதி எடுத்திருப்பார். மேலே பிள்ளைகள் வளர வளர எழும்பியிருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரர் இதில்தான் மாட்டினார். மூன்று அறைகளுக்கும் குளிரூட்டி, புதிய குளியலறை, தரைக்கு ஓடு, வாசலில் பெயர்ப்பலகை எல்லாம் முடித்துவிட்டு அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பித்தார். மேல்மாடிக்கு வரைபடமே இல்லை என்று கோவையில் தெரிந்தது. கட்டி முடித்த கட்டடத்துக்குப் பின்னர் அனுமதி கேட்கும் வழி இருக்கிறது. ஆனால் நில அளவையாளர், வரைஞர், அதற்கான கட்டணம், அதோடு காலம். ஓர் அறைக்கும் ஆள் வராமல் ஒன்பது மாதம் போனது. அவருடைய செலவில் பெரியது கட்டணம் அல்ல, அந்த ஒன்பது மாத வெறுமைதான். இத்தனைக்கும் கோவையைப் பார்ப்பதற்கு அவருக்கு ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்திருக்கும்.

வாடகைக்கு எடுத்த வீட்டை அறை அறையாகப் பிரித்து நாள் வாடகைக்குக் கொடுக்க நினைப்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் குத்தகை ஒப்பந்தத்தில் கீழ்வாடகைக்குக் கொடுக்கலாம் என்று எழுத்தில் இல்லாவிட்டால் இத்தொழிலில் இறங்க வேண்டாம். வீட்டுக்காரர் வாயால் சரி சொன்னார் என்பது விண்ணப்பத்தோடு இணைக்க முடியாத பத்திரம். வனாத்தமுல்லை, தெமட்டகொடைப் பக்கங்களில் நகர அபிவிருத்தி அதிகார சபை கொடுத்த மாடிவீடுகள் உள்ளவர்களும் தமது ஒப்பந்தத்தை எடுத்து வாசிக்கட்டும். பிறருக்கு வாடகைக்குக் கொடுப்பதைத் தடுக்கும் நிபந்தனை அவற்றில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போகலாம். செய்துகொண்ட உடன்படிக்கையின் நிபந்தனையைப் பேணுவது மார்க்கக் கடமை என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

பிளட்டில் அயலவரின் குரல்

தொடர்மாடியில் பிளட் வைத்திருப்பவருக்கு இன்னொரு கதவு இருக்கிறது. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிமனை உடைமைச் சட்டத்தின்கீழ் பதிந்த கட்டடங்களில், உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் இருக்கும். படி, லிஃப்ட், தண்ணீர்த் தாங்கி, வாகனத் தரிப்பிடம் எல்லாம் எல்லோருக்கும் பொது. உங்கள் பிளட் உங்களுடையது. அதற்குப் போகும் படி உங்களுடையது மட்டுமல்ல. ஒவ்வொரு வாரமும் புதுமுகம் பெட்டியை இழுத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினால், நான்காம் மாடியில் தனியாக இருக்கும் மூதாட்டி பயப்படத்தான் செய்வார். கூட்டுத்தாபனத்தின் உபவிதிகள் நாள் வாடகைக்கு இடம் தருகின்றனவா, இல்லையா என்று பார்த்து, கூட்டத்தில் அறிவித்து, எழுத்தில் இணக்கம் பெறுவது நல்லது. வெள்ளவத்தையில் வந்த சச்சரவுகளில் நான் கேள்விப்பட்டவை பெரும்பாலும் அயலவர் முறைப்பாட்டில் தொடங்கியவை. அதிகாரிகள் தாமாகத் தேடி வந்தவை குறைவு.

மாநகர சபையின் அனுமதி

கட்டடம் சரியாக இருந்தால் அடுத்தது வியாபார அனுமதிப்பத்திரம். 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின்கீழ் தங்கும் விடுதி நடத்துவது அனுமதி பெற்றுச் செய்ய வேண்டிய தொழில். வருபவர் வெள்ளைக்காரரா, வாழைச்சேனைக்காரரா என்பது இங்கே பொருட்டல்ல. நமது ஊர் ஆட்களுக்கு மட்டும் அறை கொடுக்கிறேன், அதனால் எனக்குப் பத்திரம் தேவையில்லை என்று பொரளையில் பலர் சொல்வது பிழையான எண்ணம்.

அதற்கு முன்னர் வியாபாரப் பெயரைப் பதிய வேண்டும். பொரளையும் வெள்ளவத்தையும் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தவை. கொட்டாஞ்சேனைக்காரர்கள் கொழும்பு பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். வீட்டின் உறுதி மனைவியின் பெயரிலும் வியாபாரம் கணவரின் பெயரிலும் இருந்தால், இருவருக்கும் இடையில் ஓர் எழுத்து ஒப்பந்தம் போட்டுவையுங்கள். நமது வீடுகளில் உறுதி உம்மாவின் பெயரில் அல்லது ராத்தாவின் பெயரில் இருப்பது சாதாரணம். பங்காளிகள் பலர் உள்ள மரபுரிமைச் சொத்தானால் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். வருமானத்திலும் அவரவர் பங்கு அவரவருக்கு உரியது.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார். மலசலகூடம், காற்றோட்டம், தண்ணீர், குப்பை அகற்றல் என்று அவருடைய கண் போகும். காலைச் சாப்பாடு சமைத்துக் கொடுப்பதாக இருந்தால் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் சேர்ந்து வரும். எனவே ஆரம்பத்தில் அறையை மட்டும் கொடுத்து, சாப்பாட்டுக்குப் பக்கத்துக் கடையைக் காட்டிவிடுவது இலேசு. அந்தக் கடைக்காரரும் நம்மவராக இருப்பார். தீயணைப்புச் சிலிண்டர், இரவில் வெளியேற இரண்டாவது வழி, பூட்டிய இரும்புக் கம்பி யன்னல் ஆகியவற்றை யாரும் கேட்காவிட்டாலும் பாருங்கள். அனுமதிப்பத்திரம் வருடத்துக்கு வருடம் புதுப்பிக்க வேண்டியது.

வீடு என்ற கணக்கில் நீங்கள் செலுத்தும் மதிப்பீட்டு வரியும், மின்சார, நீர்க் கட்டணமும் வியாபாரப் பாவனைக்கு மாறும்போது கூடலாம். காப்புறுதியையும் மறக்கக் கூடாது. வீட்டுக்கென்று எடுத்த காப்புறுதியோ தகாபுல் திட்டமோ, வாடகை விருந்தினரால் வந்த தீக்கு ஈடு கொடுக்குமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

சுற்றுலாப் பதிவு

இப்போது டூரிஸ்ட் போர்டுக்கு வருவோம். 1966ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த இலங்கை உல்லாசப் பிரயாணச் சபை இப்போது இல்லை. 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டம் 2007இல் நடைமுறைக்கு வந்தபோது அதன் இடத்தில் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வந்தது. காலி வீதி 80ஆம் இலக்கத்தில் அலுவலகம். பழைய பெயர் வாயில் ஒட்டிக்கொண்டிருப்பதால் பழைய பேரையே எல்லோரும் சொல்கிறோம்.

இந்தச் சபை தங்குமிடங்களை வகை பிரித்துப் பதிகிறது. வீட்டுக்காரர் குடும்பத்துடன் அதே வீட்டில் இருந்துகொண்டு சில அறைகளைக் கொடுத்தால் ஹோம்ஸ்டே. முழு வீட்டையும் கொடுத்தால் ஒரு வகை, முழு பிளட்டையும் கொடுத்தால் இன்னொரு வகை. விருந்தினர் இல்லம், பங்களா என்று வேறு வகைகளும் உள்ளன. எந்த வகையில் விண்ணப்பிக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அறையின் அளவு, குளியலறை, வரவேற்பு இடம் போன்ற தேவைகள் வரும். பொரளையில் கீழே கடையும் மேலே குடும்பமும் இருக்கிற நம்மவர்களுக்கு ஹோம்ஸ்டே வகை பொருந்தும். குடும்பம் வேறிடத்தில் இருந்துகொண்டு வேலைக்காரப் பையனை வைத்து நடத்துவது ஹோம்ஸ்டே அல்ல.

வெளிநாடுகளின் முறைகளைப் பார்த்தால் நமது முறை இறுக்கமானது என்று சொல்ல மாட்டேன். டொரொண்டோவில் 2020இல் தொடங்கிய பதிவு முறையில், தான் குடியிருக்கும் வீட்டை மட்டுமே இப்படிக் கொடுக்கலாம். முழு வீட்டையும் கொடுப்பதானால் வருடத்துக்கு 180 இரவு வரைதான். நியூயோர்க்கில் 2023 செப்டெம்பரிலிருந்து பதிவு இல்லாமல் முப்பது நாளுக்குக் குறைந்த வாடகைக்கு விட முடியாது. வீட்டுக்காரரும் வீட்டில் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் தனியார் வீடுகளுக்கே ஆகக் குறைந்தது மூன்று மாதம். டுபாய் 2013இல் விடுமுறை வீடுகளுக்குத் தனியான ஆணையைப் பிறப்பித்து அனுமதிப்பத்திரத்தின்கீழ் கொண்டுவந்தது. அங்கெல்லாம் குடியிருக்க வீடு இல்லாமல் போகிறது என்ற கவலையில் எழுந்த சட்டங்கள் பல. நமது பதிவு முறை இரவுகளை எண்ணுவதில்லை, வீட்டை வகைப்படுத்துகிறது. ஆனால் பொரளையிலும் மாத வாடகைக்கு வீடு தேடி அலையும் குடும்பங்கள் உண்டு. அந்தக் கேள்வி ஒருநாள் இங்கும் வரும்.

இரண்டு ஒரு வீதங்கள்

பதியாமல் இருப்பவர்கள் சொல்லும் காரணம் வரி. சுற்றுலா அபிவிருத்தி அறவீடு என்று 2003ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க நிதிச் சட்டத்தின்கீழ் மொத்த விற்பனையில் 1 வீதம் போகிறது. அது மட்டுமல்ல. சுற்றுலாச் சபையில் பதிந்த ஹோட்டல், உணவகம், தங்கும் விடுதி ஆகியவற்றுக்கு, வழமையான நிலையான கட்டணத்துக்குப் பதிலாக முந்திய வருட வருமானத்தில் 1 வீதம் வரை அனுமதிப்பத்திரக் கட்டணமாக அறவிட மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் இடமளிக்கிறது. இரண்டும் இலாபத்தில் அல்ல, வரும் பணத்தில் கணக்கிடப்படுவதால் சிறியவர்களுக்கு உறைக்கிறது. அந்த முறைப்பாட்டில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று அறைகள், ஓர் அறை இரவுக்கு 6,000 ரூபா, மாதத்தில் 15 இரவுகள் ஆள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 270,000 ரூபா. வருடத்துக்கு 3,240,000 ரூபா. இதில் 1 வீதம் 32,400 ரூபா. இரண்டும் சேர்ந்தால் 64,800 ரூபா. இப்போது அந்த வருமானத்தில் பாதி இணையத்தளம் மூலம் வந்து, தளத்துக்கு 15 வீதம் தரகு போகிறது என்றால், அது 243,000 ரூபா. தளத்துக்குப் போகும் தொகையைப் பற்றி யாரும் என்னிடம் முறைப்பட்டதில்லை. ஏனென்றால் அது கைக்கு வருமுன்னரே கழிந்துவிடுகிறது. வரியை நம் கையால் எண்ணிக் கொடுக்க வேண்டியிருப்பதுதான் கசக்கிறது.

பதிந்தவருக்குக் கிடைப்பது என்ன என்றும் கேட்க வேண்டும். பதிவு இலக்கம் இருந்தால் பயண முகவர்களுடன் எழுத்தில் ஒப்பந்தம் செய்யலாம். வங்கிக்குக் காட்டலாம். முறைப்பாடு வந்தால் சட்டப்படி இயங்கும் இடம் என்று நிற்கலாம். நோயாளியின் உறவினர்களை மட்டும் நம்பி இரண்டு அறை வைத்திருப்பவருக்கு மாநகர சபை அனுமதியே முதல் தேவை. வெளிநாட்டுப் பயணியை இணையத்தில் அழைக்கத் தொடங்கும் நாளில் சுற்றுலாப் பதிவும் கட்டாயம் வேண்டும். இடையில் நின்றுகொண்டு பொரளையில் இருக்கும் வீட்டை விருந்தினர் இல்லம் என்று இணையத்தில் எழுதுவதும், சபைக்காரர் கேட்டால் சொந்தக்காரர் வந்திருக்கிறார் என்று சொல்வதும் பொய்யாகும். அந்தப் பொய்யின்மேல் வரும் சம்பாத்தியத்தைப் பற்றி உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவுப் புத்தகம்

இந்தத் தொழிலில் ஆகக் குறைந்த விலைக்கு வாங்கும் பொருள், வருபவர் பெயர் எழுதும் தடித்த கொப்பி. ஆகப் பெரிய பாரமும் அதுதான். இதைச் சொல்லக் கொழும்பில் இரண்டு சம்பவங்கள் உண்டு.

2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை போன்ற இடங்களிலுள்ள லொட்ஜ்களுக்குப் பொலிஸார் வந்து, கொழும்பில் தங்கியிருக்கத் தகுந்த காரணம் இல்லை என்று 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பினார்கள். அவர்களில் வைத்தியத்துக்கு வந்தவர்களும் வெளிநாடு செல்லக் காத்திருந்தவர்களும் இருந்தார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின்பேரில் மறுநாளே உயர் நீதிமன்றம் அதனை நிறுத்தும்படி இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பின்னர் வருத்தம் தெரிவித்தார். லொட்ஜ் முதலாளிகள் பலர் பத்திரம், பதிவு எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தவர்கள்தான். அவர்களுடைய விருந்தினர்களைக் கண் முன்னே ஏற்றிக்கொண்டு போனார்கள்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி நடந்ததை நமது சமூகம் மறக்க முடியாது. அன்று கொழும்பின் பெரிய ஹோட்டல்களில் குண்டு வைத்தவர்களில் விருந்தினராகப் பதிந்து உள்ளே போனவர்கள் இருந்தார்கள். தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கு அருகில் ஒரு சிறு விடுதியிலும் அன்று பகல் குண்டு வெடித்து அங்கே தங்கியிருந்த இருவர் இறந்தனர். அந்த விடுதியைப் போன்ற இடங்கள்தான் நாம் இங்கே பேசிக்கொண்டிருப்பவை. அதன் பிறகு வந்த மாதங்களில் நம் பெயரைக் கேட்டதும் அறை இல்லை என்று சொன்னார்கள் என்று, ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்தவர்கள் சொல்ல நான் கேட்டிருக்கிறேன். நம்மவர்களின் வீடுகளில் தங்கியவர்களைப் பற்றியும் விசாரணைகள் நடந்தன. அப்போது கொப்பியை எடுத்து நீட்ட முடிந்தவருக்கும், "யாரோ வந்தார், பெயர் ஞாபகமில்லை" என்றவருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் மிகப் பெரியது.

முதல் சம்பவம், எழுதிய பெயர் விருந்தினருக்கே ஆபத்தாகலாம் என்று காட்டுகிறது. இரண்டாவது, எழுதாத பெயர் வீட்டுக்காரருக்கும் அயலவருக்கும் ஆபத்து என்று காட்டுகிறது. இரண்டையும் மனதில் வைத்துத்தான் கொப்பியை நடத்த வேண்டும். வந்த திகதி, நேரம், முழுப் பெயர், அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு இலக்கம், ஊர் முகவரி, தொலைபேசி, வாகன இலக்கம், போன திகதி, கையொப்பம். இவ்வளவும் போதும். அடையாள அட்டையின் மூலப்பிரதியைக் கண்ணால் பாருங்கள். கைத்தொலைபேசியில் காட்டும் படத்தை ஏற்க வேண்டாம். கூட வரும் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் தனி வரி.

அதே நேரம் அது அமானிதம். கடை மேசையில் திறந்து கிடந்து, அடுத்து வருபவர் முந்தியவரின் தொலைபேசி இலக்கத்தைப் பார்க்கும்படி இருக்கக் கூடாது. பெண்கள் தனியாக வந்து தங்கும் இடங்களில் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். அடையாள அட்டைப் பிரதிகள் பூட்டிய அலுமாரியில் இருக்கட்டும். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. பொலிஸார் கேட்டால், வீட்டில் இருப்போரின் விபரம் கேட்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவு இடமளிக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வந்த உத்தியோகத்தரின் பெயர், இலக்கம், பொலிஸ் நிலையம், நேரம், எந்தப் பக்கங்களைப் பார்த்தார், எதைப் பிரதி எடுத்தார் என்று அதே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குறித்து வையுங்கள். கொப்பியையே கொண்டுபோவதானால் எழுத்தில் ஒரு பற்றுச்சீட்டு கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் கொடுப்பார்கள்.

மூன்று நாள் ஆறு மாதமானால்

பொரளைக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மூன்று நாளைக்கென்று வந்த குடும்பத்தின் பிள்ளைக்குச் சத்திரசிகிச்சை பின்போகும். மூன்று நாள் மூன்று வாரமாகும், சில வேளை ஆறு மாதமாகும். எழும்பச் சொல்ல யாருக்கும் மனம் வராது. சொல்லவும் கூடாது. ஆனால் நாளடைவில் அவர் சமையல் அடுப்பு வைத்து, தனிப் பூட்டுப் போட்டு, மாதத்துக்கு ஒருதரம் காசு கொடுக்கத் தொடங்கினால், அவர் விருந்தினரா வாடகைக் குடியா என்று பிறகு ஒரு நீதிமன்றம் கேட்க நேரலாம். பெயர்ப்பலகையில் லொட்ஜ் என்று இருப்பது மட்டும் பதிலாகாது. எனவே அறையின் திறப்பு ஒன்று உங்களிடம் இருக்கட்டும். கூட்டிப் பெருக்குதல், படுக்கை விரிப்பு மாற்றுதல் உங்கள் பொறுப்பில் தொடரட்டும். பற்றுச்சீட்டை மாதக் கணக்கில் எழுதாமல் இரவுக் கணக்கில், திகதியிட்டு எழுதுங்கள். உண்மையிலேயே நீண்ட காலம் இருப்பார் என்று தெரிந்தால், நொத்தாரிசு முன் குத்தகை ஒப்பந்தம் செய்து மாத வாடகைக்கு மாற்றிவிடுங்கள். குத்தகைக்குக் கொடுத்த இடத்தை மீளப் பெறுவதற்கென 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்த பின் ஒழுங்கான ஒப்பந்தம் உள்ளவரின் நிலை முன்னரை விட நல்லது. கட்டணத்தைக் குறைப்பதோ விட்டுக்கொடுப்பதோ உங்கள் மனம். அதையும் ஸதகா என்று மனதில் வைத்துக்கொண்டு, கணக்கில் தள்ளுபடி என்று எழுதுங்கள்.

தங்குபவரின் அந்தரங்கம் பற்றியும் ஒரு வார்த்தை. ஸூரா அந்நூர் அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு நுழையும் ஒழுங்கைக் கற்றுத் தருகிறது. அதன் தொடர்ச்சியில் யாரும் நிலையாகக் குடியிராத வீடுகளைப் பற்றி வரும் இடத்துக்கு, பயணிகள் தங்கும் சத்திரங்கள் என்று முபஸ்ஸிர்கள் சிலர் விளக்கம் கூறியிருக்கிறார்கள். சத்திரத்தின் பொது இடத்துக்கு அனுமதி வேண்டியதில்லை. ஆனால் ஓர் அறையில் ஆள் குடிவந்து கதவைச் சாத்திய பிறகு, திறப்பு உங்களிடம் இருந்தாலும் தட்டாமல் திறக்க உங்களுக்கு உரிமை இல்லை. மதுபானம் கூடாது, வெளியார் இரவில் தங்கக் கூடாது போன்ற உங்கள் வீட்டு விதிகளை முன்கூட்டியே எழுதி, காசு வாங்குமுன் காட்டிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். காசை வாங்கிய பிறகு விதி சொல்வதுதான் சண்டைக்குக் காரணம். இணையத்தில் படம் போடுபவர்கள் அதே விதிகளை அங்கேயும் எழுத வேண்டும்.

மாநகர சபைக்குப் போகும்போது வாயால் கேட்டுத் திரும்பி வராதீர்கள். மதிப்பீட்டு வரி இலக்கம், உறுதியின் பிரதி, பழைய வரைபடம் இருந்தால் அதன் பிரதி ஆகியவற்றை ஒரு கோவையில் போட்டு, "இக்கட்டடத்தைத் தங்கும் விடுதியாகப் பயன்படுத்தலாமா?" என்று ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பதில் கைக்கு வரும்வரை கட்டில் கடைப் பக்கம் போக வேண்டாம். நாள் வாடகையை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு வாடகை வருமானமாகக் காட்டுவதா, வியாபார வருமானமாகக் காட்டுவதா என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். அதை இன்ஷா அல்லாஹ் அடுத்த வாரம் கணக்குகளுடன் பார்ப்போம்.